கோதுமை ஒவ்வாத குழந்தைகள்

வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இரவுச் சாப்பாடு என்றால் சப்பாத்தி என்று ஆகி ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. பெரும்பாலோருக்கு இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் சில குழந்தைகளுக்கு அந்தக் கோதுமையே வினையாகிவிடுகிறது. சீலியாக் நோய் என்று அதற்குப் பெயர்.

நான் மருத்துவன் அல்ல. ரயில்வேயில் பாலமும் தண்டவாளமும் பார்த்து ஓய்வு பெற்றவன். என் பேத்திக்கு இந்நோய் என்று தெரிந்தபின், டாக்டர்களைக் கேட்டும் படித்தும் அறிந்ததை நம் சங்க அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

1888-இல் லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ இந்நோயை விவரித்தார். காரணம் கோதுமைதான் என்று நிறுவியவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1944-45 பஞ்சக் குளிரில் அங்கே ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பட்டினி, ஆனால் இந்நோயுள்ள குழந்தைகள் தேறின! 1950-இல் அவர் தம் ஆய்வேட்டில் இதை விளக்கினார்.

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் முழுவதும் செரிப்பதில்லை. சில மரபணுக்கள் உள்ளவர்களில் சிலருக்கு, அந்தத் துணுக்குகளை உடலின் எதிர்ப்புச் சக்தி பகையாக எண்ணிவிடுகிறது. அதோடு நிற்காமல் சொந்தக் குடலையே தாக்குகிறது. இரும்புத் திருடனைத் தேடிப் போன காவல்காரர்கள், லைனைப் பழுதுபார்க்கும் சொந்தக் கேங்மேன்களையே அடித்து விரட்டியது போல! சிறுகுடலின் உட்புறம் விரல்கள் போல நிற்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு எதைச் சாப்பிட்டாலும் சத்து சேராது.

2016-இல் வெளிவந்த ஒரு இந்திய ஆய்வு நமக்கு முக்கியமானது. வடக்கே பெரியவர்களில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்நோய். தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர்தான். ஆனால் அதற்குரிய மரபணு இரு பக்கத்திலும் மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான். கோதுமை வடக்கே தினம் 455 கிராம், தெற்கே 25 கிராம். "மதராஸிகளுக்கு இது வராது" என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம்.

என் பேத்திக்கு ஆறு வயதில் நாலு வயதுக் குழந்தையின் உயரம்தான் இருந்தது. வயிறு உப்பல், அடிக்கடி பேதி, முகத்தில் ரத்தமே இல்லை. டானிக், பூச்சி மருந்து எல்லாம் கொடுத்தாயிற்று. கடைசியில் ஒரு டாக்டர் டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையும், பிறகு எண்டோஸ்கோப்பியில் குடல் சதைப் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்தினார். பேதியே இல்லாமல் ரத்தசோகையோ வளர்ச்சிக் குறைவோ மட்டும் இருப்பதும் உண்டு. ஒன்றை மறவாதீர்கள்: பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் முடிவு தப்பாகிவிடும். உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் பரிசோதிப்பது நல்லது.

மருந்து என்று எதுவும் இல்லை. ஆயுள் முழுவதும் பத்தியம்தான். இங்கேதான் நம் சமையல் கைகொடுக்கிறது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எல்லாம் சாப்பிடலாம். ரவை, மைதா, கோதுமைச் சேமியா கூடாது. யாரும் நினைக்காத எதிரி கூட்டுப் பெருங்காயம். பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை அரைத்த மெஷினிலேயே அரைத்த அரிசி மாவும், பூரி பொரித்த எண்ணெயில் சுட்ட வடையும் ஆகாது. கடைப் பொட்டலத்தில் "குளூட்டன் இல்லாதது" என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சட்டம்.

ஒன்றரை வருடத்தில் பேத்தி நன்றாகவே வளர்ந்துவிட்டாள். இப்போது கஷ்டம் விழாக்களில்தான். "ஒரு ஸ்பூன் கேசரிதானே, குழந்தை ஏங்குமே" என்று மாமிகள் அன்போடு நீட்டுகிறார்கள். அந்த ஒரு ஸ்பூனும் குடலுக்குக் கெடுதல்தான். சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த நவராத்திரி முதல் ஒரு பாத்திரம் சுண்டலைக் கூட்டுப் பெருங்காயம் சேர்க்காமல், தனிக் கரண்டியோடு எடுத்து வையுங்கள். அந்தக் குழந்தைகளும் எல்லாரோடும் பந்தியில் உட்காரட்டும்.