பூட்டிய வீட்டில் கரப்பான் படை!

அடுக்கு மாடி வீடு. நான்காவது மாடி. மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பம், ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறது. அம்மா குளியல் அறைக் கதவைத் திறக்கிறாள். "ஐயோ!" என்று அலறுகிறாள்.

சுவர் எங்கும் கரப்பான் பூச்சிகள்! செம்பழுப்பு நிறம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன்.

கதவு பூட்டியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. பிறகு எப்படி வந்தன? சாக்கடைத் துவாரம் வழியாகத்தான்.

தண்ணீர்க் காவல்

துவாரத்துக்குக் கீழே குழாய் நேராகப் போவதில்லை. ஒரு வளைவு உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 1775-ம் ஆண்டு லண்டனில் அலெக்சாந்தர் கம்மிங் என்பவர், கக்கூசுக்கு இப்படி ஒரு வளைவு வைத்துக் காப்புரிமை பெற்றார். அவர் தொழில் கடிகாரம் செய்வது!

வீடு பூட்டிக் கிடந்தால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். அப்புறம் தடை ஏது?

ஆள் இருக்கும் வீட்டிலும் இது நடக்கிறது. பல வீடுகளில் துவாரத்துச் சல்லடைக்குக் கீழே ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். தண்ணீரைத் தேக்கி வைப்பது அதுதான். தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். அடைத்துக்கொண்டது தலைமுடியும் சோப்பு அழுக்கும். பழி கிண்ணத்தின் மேல்!

முந்நூறு பேருக்கு மேல்

வெறும் அருவருப்போடு போகிற காரியம் அல்ல இது. 2003-ம் ஆண்டு ஆங்காங்கில், அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்கு மாடிக் குடியிருப்பில் சார்ஸ் காய்ச்சல் பரவியது. முந்நூறு பேருக்கு மேல் பிடித்தது. அங்கே பலர் குளியல் அறையைக் கழுவாமல் துடைத்து மட்டும் வந்தார்கள். வளைவுகள் காய்ந்துபோயின. காற்றாடி ஓடியபோது சாக்கடைக் காற்றோடு கிருமியும் உள்ளே வந்திருக்க வேண்டும் என்று விசாரணை செய்தவர்கள் கூறினார்கள்.

கரப்பானும் லேசுப்பட்டதல்ல. சாக்கடையில் புரண்ட காலோடு சோற்றுப் பானை மேல் நடக்கும். பேதிக் கிருமியைக் கொண்டுவரும். அதன் எச்சம் தூளாகிக் காற்றில் கலந்தால் சில குழந்தைகளுக்கு இழுப்பு வரும்.

மருந்து அடித்தால் வெளியே வந்தது சாகும். கீழே சாக்கடைத் தொட்டியில் இருப்பது? ஒரு முட்டைக் கூட்டில் ஏறக்குறைய 15 குஞ்சுகள்!

ஒரு செம்பு தண்ணீர்

புழங்காத துவாரத்தில் வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போகிறீர்களா? தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதக்கும், தண்ணீர் சீக்கிரம் வற்றாது. கழற்றிய கிண்ணத்தைக் கழுவி, இருந்த இடத்திலேயே வையுங்கள். குழாய் சுவரில் நுழையும் சந்துக்குச் சிமெண்டு பூசுங்கள்.

குளியல் அறைச் சுவரில் சின்னஞ்சிறு கறுப்பு ஈக்கள் உட்கார்ந்திருந்தால், அவற்றின் புழு குழாயின் உட்புற வழுவழுப்பில் இருக்கிறது. பிரஷ் விட்டுத் தேய்த்தால்தான் போகும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றாதீர்கள். நச்சுப் புகை கிளம்பும். பூச்சிக்கு முன்னால் ஊற்றியவர் விழுந்துவிடுவார்.

எல்லா மாடிக் குழாயும் கீழே போய்ச் சேருவது ஒரே தொட்டியில். அதன் மூடி உடைந்திருந்தால், குடியிருப்போர் எல்லோரும் கூடிப் பணம் போட்டு மாற்ற வேண்டியதுதான்.