மீட்டுப் பார்த்தால்தான் பேக்கப்

நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில், 2017 ஜனவரி 31 அன்று பராமரிப்பு வேலையின்போது முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலியாகக் கிடந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்க ஓடிய கருவியோ 9.2. தன்னைவிடப் புதிய பதிப்பை அந்தக் கருவி தொடாது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு, சோதனைக்காக எடுத்துவைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. அதற்குப் பின் சேர்ந்த பதிவுகள் போயின. பேக்கப் என்பது ஒரு கோப்பு மட்டுமல்ல, அதை எடுக்கும், படிக்கும் மென்பொருளும் சேர்ந்ததுதான் என்பதற்கு இது சான்று.

பேக்கப்பில் இரண்டு வகை உண்டு. வட்டிலுள்ள கோப்புகளை அப்படியே நகலெடுப்பது ஒன்று. இது வேகமானது, ஆனால் கோப்பின் உள்ளமைப்பு அந்தப் பதிப்புக்கே உரியது. போஸ்ட்கிரெஸ் 14இன் கோப்புகளை 15 நேரடியாகத் திறக்காது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் புதிய பதிப்பில் எடுத்ததைப் பழைய பதிப்பில் மீட்க முடியாது. இயங்குதளம் மாறினாலும் சிக்கல்தான்: 2018இல் லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 2.28 சொற்களின் வரிசைமுறையை மாற்றியபோது, பழைய வரிசையில் அமைந்த, தேடலை விரைவுபடுத்தும் இண்டெக்ஸ்கள் தவறான விடை தரும் நிலை வந்தது. மற்றொரு வகை, அட்டவணைகளைக் கட்டளைகளாகவும் தரவுகளாகவும் எழுதிவைப்பது, அதாவது எழுத்துப் பிரதி. மீட்கும்போது இண்டெக்ஸ் புதிதாகவே உருவாவதால், பதிப்பையும் கணினியையும் தாண்டிச் செல்வது இதற்கு எளிது. ஆனாலும் முழு உத்தரவாதம் இல்லை, மைஎஸ்க்யூஎல் 8.0இன் இயல்பான எழுத்து வரிசைமுறையை 5.7 அறியாது, பிழை காட்டும்.

பல டெராபைட் தரவை இப்படி எழுதி மீட்க நெடுநேரம் ஆகுமே என்பார்கள். உண்மைதான். அவசர மீட்புக்குக் கோப்பு நகலும், நெடுங்காலத்துக்கு எழுத்துப் பிரதியும் என இரண்டையும் வைத்திருப்பதே அதற்கு வழி. கிளவுட் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். அங்கு எடுக்கும் ஸ்னாப்ஷாட் எனும் உடனடி நகல் பொதுவாக அந்தச் சேவைக்குள்தான் உயிர்பெறும். வெளியேற வேண்டுமானால் எழுத்துப் பிரதியே வேண்டும். இடம்பெயரும் தன்மையை வடிவமைப்பிலேயே கொண்டுவர முடியும் என்பதற்கு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் உதாரணம். 2004இல் வந்த அதன் கோப்பு வடிவத்தை இன்றைய பதிப்பும் எந்த ப்ராசஸரிலும் படிக்கிறது. 2050 வரை ஆதரவு தருவதே தங்கள் நோக்கம் என்கிறார்கள் அதை உருவாக்கியவர்கள்.

தரவுத்தளத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலகமும் குறித்த இடைவெளியில் வேறொரு கணினியில், அடுத்த பதிப்பில், தன் பேக்கப்பை மீட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத கோப்பைப் பேக்கப் கணக்கில் சேர்க்கக் கூடாது.