மூன்றாம் பரிசோதனை

சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுபவனுக்கு முதலில் நடக்கும் சிகிச்சையெல்லாம் பிராணனைக் காக்கும் அவசரத்தில் நடப்பது. மூச்சுப் பாதை அடைபட்டிருக்கிறதா, சுவாசம் சீராயிருக்கிறதா, ரத்தம் எங்கே பெருகுகிறது என்ற கேள்விகளிலேயே அந்த நிமிஷங்கள் கழிந்துவிடுகின்றன. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து அறுவை சிகிச்சை நிபுணர் ஆடம்ஸ் கௌலி அந்த முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான மணி' என்று வர்ணித்தது உலகப் பிரசித்தம். அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றித்தான் ஜனங்கள் அதிகம் பேசுவதில்லை.

வயிற்றுக்குள் ரத்தம் பெருகுகிறதென்று அறுவை மேஜைக்கு விரைந்த வேகத்தில், மணிக்கட்டின் சிற்றெலும்பு முறிந்திருப்பதோ பாதத்து மூட்டு விலகியிருப்பதோ கண்ணில் படாமல் போகலாம். பிரக்ஞையற்றுக் கிடப்பவன் 'இங்கே வலிக்கிறது' என்று சொல்ல இயலாதவன் ஆகையால், இதை எவருடைய அசிரத்தை என்றும் கூறுவதற்கில்லை. இதன் பொருட்டே, உயிருக்காக ஒன்று, காயங்களுக்காக மற்றொன்று என்ற இரு பரிசோதனைகளுக்குப் பின், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், உச்சி முதல் உள்ளங்கால் வரை மறுபடியும் தொட்டுப் பார்த்து, எக்ஸ்ரே படங்களையும் மீண்டும் ஆராயும் மூன்றாம் பரிசோதனை ஏற்பட்டது.

அமெரிக்காவின் விபத்துச் சிகிச்சை நிலையங்கள் பலவற்றில் இந்தப் பொறுப்பு மேற்பயிற்சி பெற்ற நர்ஸிடம் இருக்கிறது. லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் 1965-இல் கொலராடோ சர்வகலாசாலையில் இவ்வகை நர்ஸுகளுக்கு முதன்முதலாகப் பயிற்சி தொடங்கியபோது, குழந்தைகளின் ஆரோக்கியமே அவர்கள் கருத்தில் இருந்தது. இன்றோ அவர்கள் வழிவந்தவர்கள் முதுகலைப் படிப்போ அதற்கு மேலோ முடித்து, நோயாளியைப் பரிசோதிக்கவும் மருந்து எழுதித் தரவும் சட்டபூர்வமான உரிமை பெற்று நிற்கிறார்கள். அந்த உரிமையின் எல்லை மட்டும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது.

அறுவை நிபுணர் அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார். பயிற்சி வைத்தியர்களோ சில வாரங்களில் வேறு பிரிவுக்கு மாறிவிடுகிறார்கள். வார்டிலேயே தங்கி, நேற்றைய நோயாளியை இன்றைய நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவர் இந்த நர்ஸே. 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னெட்டும் வகுத்த பிரக்ஞை அளவையில் 15 என்பது முழுத் தெளிவு, 3 என்பது ஆழ்ந்த மயக்கம். தலையில் அடிபட்டவனுக்குக் காலையில் 15 இருந்தது மாலையில் 13 ஆனால், மூளைக்குள் ரத்தம் கட்டுகிறதோ என்று ஐயுற்று உடனே ஸ்கேனுக்கு அனுப்புகிற அந்த விழிப்பை எந்தக் கருவியைக் காட்டிலும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் உற்றார் ஒருவர் அவ்விதம் படுத்திருக்க நேர்ந்து, நேற்று இல்லாத வலியொன்றை இன்று சொன்னால், அற்பமென்று எண்ணாமல் அருகிலுள்ள நர்ஸிடம் அப்போதே தெரிவியுங்கள்.