மாடித்தோட்டத்தின் மெய்யான பயன்

வீட்டு மாடியில் வளரும் கத்தரியும் வெண்டையும் கரியமில வாயுவை உறிஞ்சிப் புவி வெப்பமாதலைத் தணிக்கின்றன என்ற கருத்து பரவலாக இருந்தாலும், சில மாதங்களே வாழும் காய்கறிச் செடி தான் சேர்த்த கரிமத்தை, உண்ணப்பட்டோ மட்கியோ முடியும்போது, பெரும்பாலும் காற்றுக்கே திருப்பித் தந்துவிடுகிறது. ஆகவே வீட்டுத் தோட்டம் பருவநிலைக்குச் செய்யும் நன்மையை இலையில் அன்று, வேரடியில் இடப்படும் உரத்தில்தான் தேட வேண்டும்.

சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கொட்டப்பட்டு வந்துள்ளது. காய்கறித் தோலும் மீந்த சோறும் பிளாஸ்டிக்கோடு கலந்து குவிந்து அழுந்தும்போது உள்ளே காற்று புகாமற்போக, உயிர்வளியின்றி வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து மீத்தேனை வெளியிடுகின்றன. இந்த வாயு, வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 27 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கும் வலியது; எளிதில் தீப்பற்றவும் கூடியது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கில் மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்து, சுற்றியிருந்த குடியிருப்புகளைப் புகையில் தவிக்கவிட்டது.

அதே கழிவு வீட்டிலேயே காற்றோட்டத்தோடு மட்கினால் மீத்தேன் மிகக் குறைவாகவே உண்டாகிறது. பக்கங்களில் துளையிட்ட பழைய பெயின்ட் வாளியில், ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரு பங்கு காய்ந்த சருகு என்ற அளவில் அடுக்கி, சில நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசியும் ஈரமே சரியான பதம்; நீர் ஒழுகினால் காற்று அடைபட்டு நாற்றம் எழும், அப்போது சருகைக் கூட்டினால் போதும். சருகு சேர்க்காமல் கழிவை மட்டும் அடைத்து மூடிவைப்பது, குப்பைக் கிடங்கைச் சிறிய அளவில் வீட்டுக்குள் கொண்டுவருவதாகும்.

இவ்வாறு கிடைக்கும் மட்கு உரம் யூரியாவின் தேவையையும் குறைக்கிறது. இந்தியாவில் யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராவதால் ஆலையிலேயே கரியமில வாயு வெளியாகிறது. மண்ணில் அளவுக்கு மீறி இடப்படும்போது அதன் தழைச்சத்தில் ஒரு பகுதி, கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கும் மேல் வலிய நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. தொட்டிச் செடிக்குக் கைப்பிடி கைப்பிடியாக யூரியா தூவும் வழக்கம், இந்தக் காரணத்துக்காகவே கைவிடத் தக்கது.

மண்கலவைக்கு, தென்னை நார் பிரிக்கும்போது மிஞ்சும் நார்க்கழிவு பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து தாராளமாக வருகிறது. மேலை நாடுகளில் இதற்கெனத் தோண்டப்படும் கரிமம் செறிந்த சதுப்புக் கரிமண்ணுக்கு அது நல்ல மாற்று. உப்பு நீங்க இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். வெயிலில் சில ஆண்டுகளிலேயே நைந்து நூல்நூலாகப் பிரியும் பிளாஸ்டிக் வளர்ப்புப் பைகளைவிட, வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் வாளியும் மண்தொட்டியும் மேலானவை. சித்திரையில் நிரப்பத் தொடங்கும் வாளியின் உரம் ஆடிப்பட்ட விதைப்புக்கு ஆயத்தமாகிவிடும்.