காதுக்குள் ஒரு பாறை

நம் உடலிலேயே மிக அடர்த்தியான எலும்பு தொடையில் இல்லை. காதுக்கு உள்ளே, மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கிறது. பொட்டெலும்பின் 'பாறைப் பகுதி' என்பது அதன் பெயர். பழங்கால எலும்புக்கூடுகளில் டிஎன்ஏ தேடும் ஆய்வாளர்கள் பெரிதும் நாடுவதும் இதைத்தான்.

இந்தப் பாறைக்குள் இரண்டரைச் சுற்று கொண்ட நத்தைக்கூடு இருக்கிறது. நாம் கேட்பது அதனால். பக்கத்திலுள்ள 3 அரைவட்டக் குழாய்கள், லங்காவி படகு ஆடும்போதும் நம்மை நிலைதடுமாறாமல் காக்கின்றன. முகத்தை அசைக்கும் நரம்பும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியும் இதன் வழியே போகின்றன.

இவ்வளவு கெட்டியான எலும்பையும் அரிக்கும் நோய் ஒன்று உண்டு: கொலஸ்டியட்டோமா. செவிப்பறை உட்பக்கம் இழுபட்டுப் பைபோல் ஆகிறது. உதிரும் தோல் அதில் சேர்ந்து கட்டியாகிறது. இது புற்றுநோய் அல்ல; ஆனாலும் வளர வளர எலும்பைக் கரைக்கும். காதில் அடிக்கடி நாற்றமுள்ள சீழ் வடியும். கேட்கும் திறன் குறையும். முற்றினால் தலைசுற்றல், முகவாதம், மூளையில் சீழ்க்கட்டி வரை போகலாம்.

சொட்டுமருந்து சீழைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது. சிடி ஸ்கேன் எடுத்து, நுண்ணோக்கி வழியே பார்த்து, சிறு துரப்பணத்தால் எலும்பைக் குடைந்து அகற்றுவதே வழி. முக நரம்பு மிக அருகில் இருப்பதால் மிகுந்த கவனம் தேவை. கட்டி திரும்பவும் வரக்கூடும்; பல ஆண்டு பரிசோதனை அவசியம்.

பிள்ளையின் காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லலாம்.