'பரையா ஸ்டேட்': இந்த ஆங்கில வார்த்தை நம்ம ஊர்லேர்ந்து போனது!

உலகச் செய்திகளில் 'பரையா ஸ்டேட்'னு படிச்சிருப்பீங்க. மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு என்று பொருள். இந்த 'பரையா' லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. தமிழ்!

பறை என்றால் மேளம். பறையர் என்ற சமூகத்தின் பெயரை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. போகப்போக 'ஒதுக்கப்பட்ட எவரும்' என்று பொருள் விரிந்தது. தெருநாய் 'பரையா டாக்' ஆனது, பருந்துகூட 'பரையா கைட்'. மனுஷங்க பேரை நாய்க்கு வெச்சாங்க. அதைவிட என்ன அவமானம் வேணும்?

பழியை வெள்ளைக்காரன் மேல மட்டும் போட முடியாது. தஞ்சை பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளைப் பாருங்க. வரியில்லாத நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம், சுடுகாட்டோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. சேரி தனி, ஊர் தனி. காவிரிப் பாசன வயலில் நட்டு அறுத்த பண்ணையாட்களுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆனது.

அந்தப் பெயரை வெட்கப்படாமல் தூக்கிப்பிடித்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். எம்.சி.ராஜாவோ 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் கேட்டார். 1922-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது.

சரி, ஆபீஸ் மெயிலில் என்ன எழுதுறது? 'அவுட்காஸ்ட்' இருக்கு. கடைசியில் 'இ' இல்லாமல் எழுதினால் அதில் சாதி கிடையாது. 'வெளியே எறியப்பட்டவர்' என்பதுதான் பொருள்.