ஆளில்லா அணுசக்தி ஆயுதம் 'போஸைடன்': இந்தியாவின் நிலை என்ன?

பெங்களூரு: மாலுமிகள் இன்றி, அணு உலையின் ஆற்றலால் கண்டம் விட்டுக் கண்டம் கடலடியில் செல்லும் ஆயுதத்தை ரஷ்யா உருவாக்கி வருகிறது. இத்திட்டத்தை 2018 மார்ச் 1 அன்று அதிபர் விளாடிமிர் புடின் அறிவித்தார். 'போஸைடன்' எனப்படும் அந்த ஆயுதத்தின் அணு உலையை இயக்கிச் சோதனை நடத்தியதாக 2025 அக்டோபர் 29 அன்று அவர் தெரிவித்தார்.

எவ்வாறு வேறுபடுகிறது?

மின்கலத்தில் இயங்கும் சாதாரண டார்பிடோ குறைந்த தொலைவே செல்லும். அணு உலை இருந்தால், எரிபொருள் நிரப்பாமல் பல்லாயிரம் கிலோமீட்டர் பயணிக்க இயலும். வானில் வரும் ஏவுகணைகளைத் தடுக்கும் அமைப்புகளால் இதனைத் தடுக்க இயலாது. அமெரிக்காவும் ரஷ்யாவும் 2010-ல் கையெழுத்திட்ட 'நியூ ஸ்டார்ட்' ஒப்பந்தம் ஏவுகணைகளையும் குண்டுவீச்சு விமானங்களையுமே கட்டுப்படுத்தியது. இவ்வகை ஆயுதம் அதன் வரம்பில் இடம்பெறவில்லை.

இந்தியாவிடம் உள்ளதா?

இந்தியாவிடம் இத்தகைய ஆயுதம் இல்லை. அணுசக்தியில் இயங்கும் ஐஎன்எஸ் அரிஹந்த், 2024 ஆகஸ்ட் 29 அன்று கடற்படையில் இணைந்த ஐஎன்எஸ் அரிகாட் ஆகிய நீர்மூழ்கிகளை மாலுமிகளே இயக்குகின்றனர். அரிஹந்த் அணு உலையின் முன்மாதிரி கல்பாக்கத்தில் அமைக்கப்பட்டது. நீர்மூழ்கி உலைகளுக்கான செறிவூட்டிய யுரேனியம் கர்நாடகத்தின் மைசூரு அருகே தயாராகிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு (டிஆர்டிஓ) உருவாக்கிவரும் ஆளில்லா நீரடி ஊர்திகள் அணுசக்தியில் இயங்குபவை அல்ல.

யார் பொறுப்பு?

வானொலி அலைகள் ஆழ்கடலில் எளிதில் ஊடுருவுவதில்லை. எனவே, ஏவிய ஆயுதத்தைத் திரும்ப அழைப்பது கடினம். பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவின் ஒப்புதலின்றி அணு ஆயுதத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2003-ல் இந்தியா வெளியிட்ட கொள்கை. மனிதரின் கட்டளை எட்டாத ஆழத்தில் செல்லும் ஆயுதம், அத்தகைய கட்டுப்பாட்டுக்கே சவாலாக அமைகிறது.